மூன்றடிப் பிள்ளைக்கும் டிக்கெட் உண்டா?

கோடை விடுமுறைக்கு முன்பாகக் கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வோருக்குப் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு மூன்றரை வயது. மே மாதம் சென்னைக்கு வரும்போது, திருப்போரூர் அருகே புதிதாகத் திறந்திருக்கும் வொண்டர்லாவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். ஐந்து வயது வரை டிக்கெட் வேண்டியதில்லை என்கிறார் என் மைத்துனர். அது சரியா?
– வாசகி, திருநெல்வேலி

உங்கள் மைத்துனர் ரயில் கணக்கை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். ரயிலில் ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணமில்லை. ஆனால் 2025 டிசம்பரில் இள்ளலூரில் திறக்கப்பட்ட இந்தப் பூங்காவும், பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத் ஆகிய ஊர்களில் அதே நிறுவனம் நடத்தும் பூங்காக்களும் குழந்தையின் வயதைக் கேட்பதில்லை; உயரத்தைத்தான் பார்க்கின்றன. 85 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கட்டணமில்லை. 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை என்பது இதில் நமக்குள்ள வசதி. வாசலில் வாக்குவாதத்துக்கு இடமில்லை என்பது அவர்களுக்குள்ள வசதி.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, சராசரிக் குழந்தை இரண்டு வயதை ஒட்டியே 85 சென்டிமீட்டரைத் தொட்டுவிடுகிறது. ஆகவே ஐந்து வயது வரை இலவசம் என்று எண்ணிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு, உண்மையில் கைக்குழந்தைப் பருவம் முடியும்போதே சலுகையும் முடிந்துவிடுகிறது. மூன்றரை வயதில் உங்கள் மகன் ஏறக்குறைய ஒரு மீட்டர் இருப்பான். அவனுக்குக் குழந்தை டிக்கெட் எடுத்தாக வேண்டும். மகளுக்கும் அதே டிக்கெட்தான். அட்டவணையின் மறுமுனையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த விதி சற்றுக் கசக்கும். சராசரியாகப் பத்தரை வயதையொட்டி 140 சென்டிமீட்டரைக் கடக்கிறார்கள் என்பதால், ஐந்தாம் வகுப்பு படிக்கும் உயரமான பெண்ணுக்குப் பெரியவர் கட்டணம் கேட்கும்போது பெற்றோர் திகைத்துப் போகிறார்கள். ஆன்லைனில் பணம் கட்டும் முன் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். குதிகால் சுவரைத் தொடும்படி செருப்பில்லாமல் நிறுத்தி, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மட்டமாக வைத்து, அதன் அடிவிளிம்பில் பென்சிலால் கோடு போட்டு அளந்தால் போதும். தலைமுடியை உயர்த்திப் போட்ட கொண்டை கணக்கில் சேராது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். டிக்கெட்டுக்குள்ள உயர விதி வேறு, ஒவ்வொரு ரைடுக்கும் உள்ள உயர விதி வேறு. முதலாவது கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது அந்தக் கட்டணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ரோலர் கோஸ்டரில் தோளை அழுத்திப் பிடிக்கும் கவசமும், வேறு சில ரைடுகளில் மடியின் மேல் இறங்கும் கம்பியும் ஒரு குறிப்பிட்ட உடலளவுக்காகச் செய்யப்பட்டவை. அந்த அளவுக்கு எட்டாத குழந்தை, வளைவில் வண்டி திரும்பும்போது கம்பிக்குக் கீழே நழுவிவிடக்கூடும். பிள்ளைக்குப் பயமே இல்லை, கூட அப்பா உட்கார்ந்துகொள்கிறேன் என்கிறார் என்று பணியாளரிடம் வாதாடுவதில் பயனில்லை. தைரியத்துக்கும் அந்த விதிக்கும் தொடர்பே கிடையாது.

ஆக, உங்கள் மகனுக்குப் பணம் கட்டியும் பெரிய ரைடுகள் எதிலும் இடம் கிடைக்காது. குதிரை ராட்டினம், குழந்தைகளுக்கான சிறு ரைடுகள், ஆழமில்லாத நீர்க்குளம் ஆகியவற்றோடு அவனுடைய நாள் முடிந்துவிடும். பெற்றோரில் ஒருவர் அவனோடு இருக்க, மற்றவர் மகளோடு சுற்றுவது என்ற ஏற்பாட்டுக்குத் தயாராக இருந்தால் போய் வாருங்கள். நான்கு பேரும் ஒன்றாக மகிழ்ந்திருக்க வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், அவன் 120 சென்டிமீட்டரை நெருங்கும் வரை, அதாவது இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள், பெரிய பூங்காவைத் தள்ளிப்போட்டுவிட்டு இப்போதைக்குக் கடற்கரையும் வண்டலூரும் போதும் என்பது என் கருத்து. மூன்று வயதுக்காரனுக்கு வண்டலூர் யானை எந்த ரோலர் கோஸ்டருக்கும் குறைந்ததல்ல.

ஜூன் மாதம் சிங்கப்பூர் செல்கிறோம். நாங்கள் அங்கே இருக்கும் வாரத்தின் நடுவில் மகளுக்கு நான்கு வயது நிறைகிறது. யுனிவர்சல் ஸ்டுடியோஸில் அவளுக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா?
– வாசகர், கோவை

அங்கே வயதுதான் கணக்கு. நான்கு வயது நிறையாதவர்களுக்கு இலவசம். 4 முதல் 12 வரை குழந்தை டிக்கெட். 13 வயதிலிருந்து பெரியவர் டிக்கெட். பூங்காவுக்குள் செல்லும் நாளன்று என்ன வயது என்பதைத்தான் பார்ப்பார்கள், டிக்கெட் பதிவு செய்த நாளை அல்ல. எனவே பூங்காவைப் பிறந்தநாளுக்கு முந்தைய நாளொன்றில் வைத்துக்கொண்டு, பிறந்தநாளன்று வேறு இடத்துக்குப் போகும்படி பயணத் திட்டத்தை மாற்றினாலே ஒரு டிக்கெட் மிச்சம். வயதுக்கு ஆதாரமாகக் குழந்தையின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். இந்த எல்லை நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் கவனியுங்கள்: ஹாங்காங் டிஸ்னிலேண்டில் மூன்று வயதுக்குள் இலவசம், டோக்கியோவில் நான்கு வயதுக்குள்.

ரைடுகளுக்கு மட்டும் அங்கேயும் உயரம்தான். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 சென்டிமீட்டர், ஜுராசிக் பார்க் படகுச் சவாரிக்கு 107, மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125 தேவை. நான்கு வயதில் உங்கள் மகள் 102ஐத் தொட்டும் தொடாமலும் இருப்பாள்; மற்ற மூன்றும் பெரும்பாலும் கிடைக்காது. குழந்தை ஏற முடியாத ரைடுகளில் பெற்றோர் இருவரும் தனித்தனியாக வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஒருவர் ஏறி இறங்கும் வரை மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, பிறகு மீண்டும் வரிசையில் நிற்காமலே ஏறிக்கொள்ளும் ஏற்பாடு உலகின் பெரிய பூங்காக்கள் பலவற்றில் உண்டு. டிஸ்னி பூங்காக்களில் ரைடர் ஸ்விட்ச் என்றும், யுனிவர்சல் பூங்காக்களில் சைல்ட் ஸ்விட்ச், சைல்ட் ஸ்வாப் என்றும் அதைச் சொல்வார்கள். யாரும் அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். வரிசை தொடங்கும் இடத்தில் நிற்கும் பணியாளரிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு பூங்காவின் வாசலில் எங்கள் புளிசாதப் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்கி வைத்துவிட்டார்கள். பத்து மாதக் குழந்தையின் கேழ்வரகுக் கஞ்சிக்குக்கூட ஆயிரம் கேள்வி. இப்படித் தடுக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா?
– வாசகி, தஞ்சாவூர்

பூங்காக்களைக் குறித்து நேரடியாகச் சொல்லப்படவில்லை என்றாலும், திரையரங்குகள் தொடர்பாக 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே பெரிதும் பொருந்தும். அரங்கு ஒரு தனியார் இடம்; வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு; ஆனால் சுகாதாரமான குடிநீரைக் கட்டணமின்றித் தர வேண்டும், கைக்குழந்தைக்குத் தேவையான அளவு உணவைப் பெற்றோர் கொண்டுவர அனுமதிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். புளிசாதத்துக்காக நீங்கள் சண்டை போட முடியாது என்பதில் எனக்கும் வருத்தம்தான். கஞ்சிக்காக உறுதியாக நிற்கலாம். பெரும்பாலான பூங்காக்களின் விதிகளிலேயே குழந்தை உணவுக்கும் மருத்துவக் காரணத்துக்கான உணவுக்கும் விலக்கு எழுதப்பட்டிருக்கும். அந்தப் பகுதியைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு வாசலில் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும். கஞ்சியைப் பெரிய டிபன் கேரியரில் அல்லாமல் சிறு பிளாஸ்கில் எடுத்துச் சென்றால் சந்தேகத்துக்கே இடமிருக்காது. உள்ளே நுழைந்ததும் குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்பதை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பாட்டிலின் விலையையும் கவனியுங்கள். ஒரே பொருளுக்கு இடத்துக்கு இடம் வேறுவேறு அதிகபட்சச் சில்லறை விலையை அச்சிடுவது 2018 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பூங்காவுக்குள் இருக்கும் கடையில் பாட்டிலை வெறுமனே வாங்கிக்கொண்டு போகிறவரிடம் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால், ரசீது வாங்கிக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். உட்கார வைத்துப் பரிமாறும் உணவகத்தின் நிலை வேறு; அங்கே கூடுதல் விலை வாங்குவதை 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

விளம்பரத்தில் ஒரு விலை, பணம் கட்டும்போது ஒரு விலை. ஏன்?
– வாசகர், சேலம்

வரிதான் காரணமாக இருக்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கேளிக்கைப் பூங்கா டிக்கெட்டுக்கு 28 சதவீதம் விதித்தார்கள். 2018 ஜனவரி 25 முதல் அது 18 சதவீதமாகக் குறைந்தது. 1,000 ரூபாய் என்று அச்சிட்ட டிக்கெட் வரியோடு 1,180 ஆகும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் 720 ரூபாய் என்பதால், 'வரி உட்பட' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலைகளை ஒப்பிடுங்கள். சனி, ஞாயிறு, பண்டிகை நாள்களில் கட்டணம் உயர்வதும், முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்தால் சற்றுக் குறைவதும் உண்டு.

என் மாமியாரும் உடன் வருகிறார். அவர் எதிலும் ஏற மாட்டார். குழந்தையையும் பைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கும் முழுக் கட்டணமா?
– வாசகி, சென்னை

பெரும்பாலான பூங்காக்களில், ரைடில் ஏறாமல் வேடிக்கை மட்டும் பார்ப்பவருக்கென்று தனி டிக்கெட் கிடையாது. வாசலைத் தாண்டும் ஒவ்வொருவருக்கும் கட்டணம் உண்டு. அறுபது வயது கடந்தவர்களுக்குச் சில பூங்காக்கள் சலுகை தருகின்றன. அதற்கு ஆதார் போன்ற அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்பதால் அதை மறக்காமல் எடுத்து வாருங்கள். லாக்கர் வாடகையை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் அவரை அழைத்துச் செல்வதாக இருந்தால், லாக்கரே மலிவு. குழந்தை தூங்கும் மதிய வேளையில் நிழலில் மடியில் போட்டுக்கொள்ள ஒருவர் வேண்டுமென்றால், அவருக்குக் கொடுக்கும் கட்டணம் தகும்.

கடைசியாக, எல்லோருக்கும் பொதுவான ஒன்று: தண்ணீர் ரைடுகளில் புடவை, சுடிதார், பருத்தி உடை ஆகியவற்றோடு இறங்க விடமாட்டார்கள். நைலான் போன்ற செயற்கை இழை நீச்சலுடைதான் வேண்டும். உள்ளே இருக்கும் கடையில் அதை வாங்க நேர்ந்தால், ஒரு டிக்கெட்டுக்கு ஈடான தொகை கூடப் போய்விடக்கூடும். புறப்படுவதற்கு முன்பே உங்களுக்கும் குழந்தைகளுக்கும் தி.நகர் பாண்டி பஜாரில் வாங்கிவிடுங்கள். டயபர் கட்டும் வயதுக் குழந்தையென்றால், சாதாரண டயபர் நீரில் ஊறிக் கிழியும். நீச்சலுக்கென்று விற்கும் தனி டயபர் இரண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.