லாங்ஸ்ட்ரீட் மேல் விழுந்த பழி

கேள்வி: கெட்டிஸ்பர்க் போரில் ஜெனரல் லீயின் திட்டம் சரியாகத்தான் இருந்ததாமே? அவருக்குக் கீழே இருந்த லாங்ஸ்ட்ரீட் தாமதம் செய்ததால்தான் தென்தரப்பு தோற்றதாகப் படித்தேன். உண்மைதானே?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. நீங்கள் படித்தது, போர் முடிந்து பல வருடம் கழித்துக் கட்டிய கதை.

அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்கள் வடக்கோடு மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியாவில் நடந்த சண்டை அது. இரண்டாம் நாள் லாங்ஸ்ட்ரீட் தாக்கத் தொடங்கும்போது மாலை நான்கு மணி ஆகிவிட்டது. தாமதம்தான், மறுக்கவில்லை. ஆனால் தென்தரப்பின் முதுகெலும்பு முறிந்தது மூன்றாம் நாள். வடதரப்பு மேட்டில், கல்சுவருக்குப் பின்னால் இருந்தது. தென்தரப்பின் பீரங்கிக் குண்டுகள் பெரும்பாலும் அந்த மேட்டைத் தாண்டிப் போய் விழுந்தன. அப்படியும் சுமார் 12,500 பேரை, முக்கால் மைல் வெட்டவெளியில் நடந்து போய்த் தாக்கச் சொன்னார் லீ. வேண்டாம் என்று வாதாடியவர் யார் தெரியுமா? இதே லாங்ஸ்ட்ரீட். போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் செத்தோ, காயம்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். மிச்சம் திரும்பி வந்த சிப்பாய்களிடம், தவறு தன்னுடையது என்று லீயே சொன்னார். ஆகஸ்டில் பதவி விலகல் கடிதமும் கொடுத்தார். தென்தரப்பின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் ஏற்கவில்லை.

சரி, பழி எப்படி இடம் மாறியது? லீ 1870இல் இறந்தார். லீயின் கீழ் இருந்த தளபதிகளில் ஜூபல் எர்லி 1872இலும், பெண்டில்டன் அடுத்த வருடமும் மேடையேறிப் பேசினார்கள். இரண்டாம் நாள் விடியற்காலையிலேயே தாக்கும்படி லீ சொன்னாராம், லாங்ஸ்ட்ரீட் கேட்கவில்லையாம். அப்படி ஒரு உத்தரவே தங்களுக்குத் தெரியாது என்று லீயின் உதவி அதிகாரிகளே பிறகு எழுதினார்கள்.

லாங்ஸ்ட்ரீட் செய்த உண்மையான 'குற்றம்' வேறு. போரில் தென்தரப்பு தோற்றதை ஏற்றுக்கொண்டு, எதிர்த்தரப்பு அதிபராக இருந்த லிங்கனின் குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். கறுப்பர்களின் வாக்குரிமையை ஏற்கச் சொன்னார். 1874இல் நியூ ஆர்லியன்ஸில், வெள்ளையர் ஆயுதக் கும்பலை எதிர்த்து, கறுப்பின வீரர்களும் இருந்த படைக்குத் தலைமை தாங்கினார். தென்னாட்டுப் பழைய தோழர்களால் இதைத்தான் பொறுக்க முடியவில்லை. கெட்டிஸ்பர்க்குக்குப் போகும் வழியில் லீயின் படை, பென்சில்வேனியாவில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பர்களைப் பிடித்து அடிமைகளாகத் தெற்கே ஓட்டிச் சென்றது. அதைப் பற்றி இந்தக் கதை சொன்னவர்கள் வாய் திறக்கவே இல்லை.

கெட்டிஸ்பர்க் களத்தில் லீக்கு 1917இல் சிலை வைத்தார்கள். லாங்ஸ்ட்ரீட்டுக்கு வைத்தது 1998இல்.