எதிராளியின் குத்தைத் தடுத்த பிறகு திருப்பி அடிப்பதா, தடுக்கும்போதே அடிப்பதா?

தடுக்கும்போதே அடிப்பதுதான் மேல் என்பது என் கருத்து. ஆனால் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் அசைந்தால் மட்டும் அது நிறைவேறிவிடாது என்பதை, சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு சமூக மன்றத்தில் சில ஆண்டுகள் விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையைப் பழகிவிட்டுக் குத்துச்சண்டைக்கு மாறியபோதுதான் உணர்ந்தேன்.

விங் சுன்னில் 'லின் சியு தாய் தா' என்று ஒரு கான்டனீஸ் தொடர் உண்டு. வரும் அடியைக் கரைத்துக்கொண்டே அடி என்பது அதன் பொருள். ஒரு முன்கை குத்தை வெளிப்பக்கம் விலக்கும்போதே மறு கை எதிராளியின் முகத்தை எட்டிவிடும். சிலம்பம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல: கம்பின் ஒரு முனை தடுத்த அசைவிலேயே மறுமுனை சுழன்று வரும். இந்தத் துணிச்சலோடு குத்துச்சண்டைக் களத்தில் இறங்கிய முதல் வாரத்திலேயே எனக்கு உதடு கிழிந்தது. எதிராளியின் ஜேப்பை, அதாவது முன்னே நிற்கும் கையால் நேராக வீசும் விரைவான குத்தை, தட்டிவிட வலக்கையை ஒரு சாண் முன்னே நீட்டினேன். அவர் காட்டியதோ வெறும் பாவ்லா, என் கை விட்டுப்போன இடத்தில் அவருடைய வலக்கைக் குத்து வந்து விழுந்தது.

கண் கண்டதற்குக் கை அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். நல்ல ஜேப் அதற்குள் வந்துவிடும். ஆகவே குத்தைப் பார்த்துத் தடுப்பதைவிட, எதிராளி ஓரடி முன்வைத்தால்தான் நம்மை எட்ட முடியும் என்ற தொலைவில் நின்று, அந்தக் காலடியையும் தோளின் அசைவையும் பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். இருவரும் இடக்காலை முன்வைத்து நிற்கும்போது அவர் ஜேப் வீசினால், வலது உள்ளங்கை தாடையருகிலேயே இருந்தபடி அதை ஏந்திக்கொள்ள, இடக்கை அதே கணத்தில் நேராகச் செல்லலாம். அல்லது தலையை வலப்பக்கம் நகர்த்தலாம். அப்படி நகரும்போது உடல் எடை வலக்காலில் இறங்குவதால், விலகிய அசைவே வலக்கைக் குத்தின் முதல் பாதியாகிவிடுகிறது. இந்த இரண்டாவது முறைதான் எனக்குக் கைவந்தது.

கராத்தேயில் இதற்குத் தனித்தனிப் பெயர்களே இருக்கின்றன: தடுத்த பின் அடிப்பது 'கோ நோ சென்', அவர் தாக்கும் கணத்திலேயே அடிப்பது 'சென் நோ சென்'.

'சென் நோ சென்' முறையில் ஆபத்தும் உண்டு. 2015 டிசம்பரில் லாஸ் வேகஸில் நடந்த கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் பாய்ந்து வந்த ஜோஸே ஆல்டோவை, பின்வாங்கிக்கொண்டே வீசிய இடக்கைக் குத்தால் 13 விநாடியில் வீழ்த்திய கானர் மெக்ரெகரின் முகத்திலும் ஆல்டோவின் குத்து பட்டது.

பழகுவதற்கு, முதலில் இணையரை ஜேப் மட்டும் மெதுவாக வீசச் சொல்லுங்கள். சில வாரங்களுக்குப் பிறகு ஜேப், பாவ்லா, இரட்டைக் குத்து என்று எதை வேண்டுமானாலும் வீசும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். பாவ்லாவுக்கு உங்கள் கை தாடையை விட்டு நகர்கிறதா என்பதை மட்டும் அவர் கவனித்துச் சொன்னால் போதும்.