வானத்துக்கு நேரம் குடுங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நான் எடுத்த ஓரியன் நெபுலா (ஓரியன் நட்சத்திரக் கூட்டத்துல இருக்கிற வாயு, தூசி மேகம்) படம் ஒண்ணு வந்துச்சு. கீழ "பழைய கேமரா, 50 எம்எம் லென்ஸ், டிரைபாட், வேற எதுவும் இல்ல"ன்னு ஒரு வரி போட்டிருந்தேன், அந்த ஒரு வரிக்குத்தான் இத்தன கேள்வி. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேத்து பதில் சொல்றேன்.

கேள்வி: அக்கா, எங்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு. வானத்த எடுத்தா கருப்பா, புள்ளி புள்ளியா வருது. போன்ல முடியுமா முடியாதா, நேரா சொல்லுங்க.

பதில்: முடியும் தம்பி, ஆனா கையில பிடிச்சுக்கிட்டு முடியாது. மொதல்ல போன ஒரு டிரைபாட்ல மாட்டுங்க, இல்லன்னா ரெண்டு கல்லுக்கு நடுவுல சாய்ச்சு வைங்க, லென்ஸ ஒரு சுத்தமான துணியால துடைங்க (விரல் ரேகை பட்ட லென்ஸ்ல நட்சத்திரம் எல்லாம் பஞ்சு மாதிரி தெரியும்), 3 செகண்ட் டைமர் போட்டு பட்டன அமுக்கிட்டு கைய எடுத்துடுங்க. ப்ரோ மோடு இருந்தா ஷட்டர் (வெளிச்சம் உள்ள வர்ற நேரம்) 10 செகண்ட், ஐஎஸ்ஓ (வெளிச்சத்த எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கிற அளவு) 1600, ஃபோகஸ் மலை படம் போட்ட பக்கம் (ரொம்ப தூரம்னு அர்த்தம்), ரா ஃபைல் (கேமரா சுருக்காம அப்படியே வைக்கிற படம்) வசதி இருந்தா அதையும் ஆன் பண்ணுங்க. மூணு லென்ஸ் இருந்தாலும் மெயின் கேமராவ மட்டும் யூஸ் பண்ணுங்க, பெரும்பாலான போன்ல அதுக்குத்தான் பெரிய சென்சார் (வெளிச்சத்த வாங்குற சில்லு). கூகுள் பிக்ஸல் போன்ல இருக்கிற வானப்பட மோடு என்ன பண்ணுதுன்னா 16 செகண்ட் வரைக்கும் போற படமா 15 எடுத்து, எல்லாத்தையும் ஒண்ணா சேத்து 4 நிமிஷ படமா குடுக்குது. இந்த "பல படத்த எடுத்து சேக்குறது"ங்கிற விஷயத்த மனசுல வச்சுக்கோங்க, கீழ மறுபடியும் மறுபடியும் அதுக்குத்தான் வருவேன்.

கேள்வி: 18-55 கிட் லென்ஸ் வச்சிருக்கேன். 30 செகண்ட் வச்சா நட்சத்திரமெல்லாம் சின்ன சின்ன கோடா வருது, டிரைபாட் ஆடுதா?

பதில்: டிரைபாட் ஆடல, பூமி சுத்துது. 23 மணி 56 நிமிஷத்துல ஒரு முழு சுத்து, அதாவது வானம் 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி நகந்துக்கிட்டே இருக்கு. 500ஐ லென்ஸோட எம்எம்மால வகுத்தா எத்தன செகண்ட் வைக்கலாம்னு வரும்னு ஒரு பழைய கணக்கு உண்டு, ஆனா அது ஃபுல் ஃப்ரேம், அதாவது பழைய ஃபிலிம் அளவு சென்சாருக்கான கணக்கு. உங்க கேமரா ஏபிஎஸ்-சி, அதாவது அத விடச் சின்ன சென்சார்னா எம்எம்ம 1.5 ஆல பெருக்கிட்டு வகுக்கணும், அப்போ 18 எம்எம்முக்கு 18 செகண்ட், 55க்கு 6 செகண்ட். என்னக் கேட்டா அதுவும் ஜாஸ்தி. ஃபிலிம் காலத்துல, சின்ன பிரிண்ட் போட்டு பாத்த காலத்துல அது சரியா இருந்துச்சு, இப்போ 24 மெகாபிக்ஸல் படத்த ஸ்க்ரீன்ல பெருசு பண்ணி பாக்குறோம், அதனால நான் 500க்கு பதிலா 300 போட்டுக்குவேன். 18 எம்எம்முக்கு 11 செகண்ட், 50க்கு 4 செகண்ட்.

இன்னொரு விஷயம், வானத்துல எந்தப் பக்கம் பாக்குறீங்கங்கிறதும் முக்கியம். ஓரியனோட இடுப்புல இருக்கிற மூணு நட்சத்திரம் கிட்டத்தட்ட வான நடுக்கோட்டு மேலயே இருக்கு, அங்க கோடு சீக்கிரம் விழும். துருவ நட்சத்திரத்துக்குப் பக்கத்துல அதே செகண்ட் வச்சாலும் புள்ளியாவே நிக்கும். ஒரு படம் எடுங்க, நல்லா ஜூம் பண்ணி பாருங்க, கோடா இருந்தா ரெண்டு செகண்ட் குறைங்க. கணக்க விட உங்க ஸ்க்ரீன நம்புங்க.

கேள்வி: அப்போ 4 செகண்ட்ல என்ன வெளிச்சம் கிடைக்கும்? அந்த நெபுலா கலரா எப்படி வந்துச்சு?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்! ஒரு 4 செகண்ட் படத்துல ஒண்ணும் பெருசா இல்ல, ஒரு மங்கலான பஞ்சு, சுத்தி ஒரே நாய்ஸ் (மணல் தூவுன மாதிரி புள்ளிகள்). ஆனா அந்த மாதிரி 300 படம் எடுத்தேன், மொத்தம் 20 நிமிஷ வெளிச்சம். அதையெல்லாம் சாஃப்ட்வேர்ல குடுத்தா நட்சத்திரங்கள ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தி சராசரி எடுக்கும், இதத்தான் ஸ்டாக்கிங்னு சொல்றோம். நெபுலா எல்லா படத்துலயும் அதே இடத்துல இருக்கு, நாய்ஸ் ஒவ்வொரு படத்துலயும் வேற வேற இடத்துல குதிக்குது, அதனால சராசரி எடுக்க எடுக்க நாய்ஸ் கரைஞ்சு போகும். எவ்வளவு கரையும்னா படத்தோட எண்ணிக்கையோட வர்க்கமூலம் அளவுக்கு. 4 படம் சேத்தா 2 மடங்கு சுத்தம், 100 படம் சேத்தா 10 மடங்கு. அதே கணக்குப்படி 100ல இருந்து 400க்குப் போனாத்தான் இன்னொரு 2 மடங்கு கிடைக்கும், அதனால ஒரு ராத்திரியோட நிறுத்தாதீங்க, அடுத்த ராத்திரியும் அதே இடத்த எடுத்து பழசோட சேருங்க.

சாஃப்ட்வேர் எல்லாம் இலவசமாவே இருக்கு. சிரில் எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடும், டீப்ஸ்கைஸ்டாக்கர், சீக்வேட்டர் ரெண்டும் விண்டோஸ்ல. கேமராவுல "லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்"னு ஒண்ணு இருக்கும், அத ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா ஒவ்வொரு படத்துக்கு அப்புறமும் அதே அளவு நேரம் கேமரா கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கும், பாதி ராத்திரி வீண். அதுக்குப் பதிலா கடைசியில லென்ஸ் மூடிய போட்டு அதே செட்டிங்ல ஒரு 20 படம் எடுத்துக்கோங்க, அதுதான் டார்க் ஃப்ரேம், கேமராவோட சொந்த நாய்ஸ சாஃப்ட்வேர் அத வச்சுக் கழிச்சிடும். லென்ஸ் மேல வெள்ளைத் துணி கட்டி, சீரான வெளிச்சத்துல ஃபோகஸ் மாத்தாம ஒரு 20, அது ஃப்ளாட், ஓரம் இருட்டா இருக்கிறதையும் தூசிக் கறையையும் அது சரி பண்ணும். டிராக்கர் (வானத்தோட சேந்து கேமராவ சுத்துற கருவி) இல்லாததால வானம் ஃப்ரேம விட்டு நகந்துக்கிட்டே இருக்கும், 10 நிமிஷத்துக்கு ஒரு தடவ திரும்ப நடுவுல கொண்டு வாங்க.

நிறைய பேர் கைவிடுற இடம் எது தெரியுமா, ஸ்டாக் முடிஞ்சு வர்ற படம் கரும் பலகை மாதிரி இருக்கும். தப்பா போச்சுன்னு டெலீட் பண்ணிடாதீங்க! எல்லாம் உள்ளதான் இருக்கு, ஹிஸ்டோகிராம்ல (படத்துல இருட்டு, வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டுற வரைபடம்) இடது ஓரத்துல நெருக்கி அடிச்சு நிக்குது, அத மெல்ல மெல்ல இழுத்து விடணும், அதுக்குப் பேரு ஸ்ட்ரெட்ச். மொத மொத இழுக்கும்போது அந்தக் கருப்புக்குள்ள இருந்து ஓரியன் நெபுலாவோட ரெண்டு சிறகும் எழுந்து வரும் பாருங்க, 1,300 வருஷத்துக்கு மேல பயணம் பண்ணி வந்த வெளிச்சம், எத்தன தடவ பாத்தாலும் எனக்கு கண்ணு கலங்கும். இந்த நெபுலாவ மொத மொதல்ல போட்டோ எடுத்தவரு ஹென்றி டிரேப்பர், 1880 செப்டம்பர் 30 அன்னிக்கு, 11 இன்ச் டெலஸ்கோப்ல 51 நிமிஷ எக்ஸ்போஷர், வந்தது கருப்பு வெள்ளையில ஒரு புகை. அவருக்குக் கிடைக்காத கலரும் விவரமும் இன்னிக்கு ஒரு சாதாரண கேமராவுல கிடைக்குது.

கேள்வி: ஃபோகஸ் எப்பவும் சொதப்புது. இன்ஃபினிட்டி குறியில வச்சும் மங்கலா வருது.

பதில்: அந்தக் குறிய நம்பாதீங்க. மேனுவல் ஃபோகஸ், லைவ் வியூ (படத்த ஸ்க்ரீன்ல நேரா பாக்குறது), ஒரு பளிச்சுன்னு இருக்கிற நட்சத்திரத்த 10 மடங்கு பெருசாக்கி அது ரொம்பச் சின்னப் புள்ளியாகுற வரைக்கும் ரிங்க மெல்லத் திருப்புங்க, அப்புறம் ரிங் மேல டேப் ஒட்டிடுங்க. டிரைபாட்ல இருக்கும்போது, கை நடுக்கத்த சரி பண்ற ஸ்டெபிலைசர ஆஃப் பண்ணுங்க.

கேள்வி: பையனுக்கு ஆர்வம் வந்திருக்கு. டெலஸ்கோப் வாங்கலாமா, டிராக்கர் வாங்கலாமா, இல்ல இப்போ வர்ற ஸ்மார்ட் டெலஸ்கோப் வாங்கலாமா?

பதில்: கேமரா ஏற்கெனவே இருந்தா மொதல்ல நல்ல கனமான டிரைபாட், அப்புறம் டிராக்கர். டெலஸ்கோப் கடைசி. டிராக்கர்ங்கிறது பூமி சுத்துறதுக்கு எதிர்ப்பக்கமா அதே வேகத்துல கேமராவ சுத்துற ஒரு சின்னப் பெட்டி, தோள் பையில போட்டுக்கிட்டுப் போகலாம். அதோட அச்ச வான துருவத்துக்கு நேரா வைக்கப் பழகிட்டா 135 எம்எம் லென்ஸ்லயே 1 நிமிஷம், 2 நிமிஷம் புள்ளி புள்ளியா வரும். ஆண்ட்ரோமேடா கேலக்ஸி வானத்துல 3 டிகிரி அகலம், ஆறு முழு நிலாவ வரிசையா வச்ச மாதிரி, அதுக்கு 135 எம்எம் ரொம்ப அழகா பொருந்தும்.

பையனுக்கு கைவேலை பிடிக்கும்னா டிராக்கர வீட்லயே செய்யலாம். 1970கள்ல ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் ஹெய்க் சொன்ன முறை, ரெண்டு பலகை, ஒரு கீல், ஒரு திருகு அவ்வளவுதான். எம்6 திருகு ஒரு சுத்துக்கு 1 மில்லிமீட்டர் ஏறும், கீல்ல இருந்து சரியா 228.5 மில்லிமீட்டர் தள்ளி அதப் பொருத்தி நிமிஷத்துக்கு ஒரு சுத்து சுத்துனா மேல் பலகை வானத்தோட வேகத்துலயே திறக்கும். 15 செகண்டுக்கு கால் சுத்துன்னு கையாலயே சுத்தலாம். கீலோட அச்சு துருவத்தப் பாத்து இருக்கணும், அது மட்டும் தப்பக்கூடாது. வானம் ஏன் சுத்துதுன்னு புஸ்தகத்துல படிக்கிறத விட இதுல ஒரு ராத்திரி போதும், கையிலயே புரிஞ்சிடும்.

ஸ்மார்ட் டெலஸ்கோப்ப நான் குறை சொல்ல மாட்டேன். சீஸ்டார் எஸ்50 மாதிரி ஒண்ணு 50 எம்எம் திறப்பு, 250 எம்எம் குவியத்தூரம், போன்ல பேர தட்டுனா அதுவே தேடி, அதுவே ஃபோகஸ் பண்ணி, 10 செகண்ட் படமா எடுத்து அங்கயே ஸ்டாக் பண்ணிடும். வயசானவங்களுக்கு, குளிர்ல நிக்க முடியாதவங்களுக்கு, வெளிச்சம் நிறைஞ்ச ஊர்ல இருக்கிறவங்களுக்கு பெரிய வரம். ஆனா பாக்குற பரப்பு 1 டிகிரி சுத்தியேதான், ஆண்ட்ரோமேடா முழுசா ஒரே ஃப்ரேம்ல அடங்காது, பால்வீதி சுத்தமா எடுக்க முடியாது. கத்துக்கணும்னு ஆசைப்படுற பையனுக்கு கேமராவும் டிராக்கரும்தான் என் ஓட்டு.

கேள்வி: குதிரைத்தலை நெபுலாவ எடுத்தேன், எல்லாரோட படத்துலயும் பின்னாடி சிவப்பா இருக்கு, எனக்கு சாம்பலா வருது, கேமரா ரிப்பேரா?

பதில்: இல்ல. அந்தச் சிவப்பு ஹைட்ரஜன்ல இருந்து வர்ற 656.3 நானோமீட்டர் வெளிச்சம், சாதாரண கேமராவுல சென்சாருக்கு முன்னாடி இருக்கிற ஃபில்டர் அதுல பெரும்பகுதிய தடுத்துடும், பகல்ல தோல் நிறம் சரியா வரணும்னு வச்சது. அத எடுத்துட்டு வேற மாட்டித் தருவாங்க, ஆனா அப்புறம் பகல் படமெல்லாம் சிவந்து போகும். ஒரே கேமரா வச்சிருக்கிறவங்க அதத் தொடாதீங்க, ஓரியன் நெபுலா, கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், ஆண்ட்ரோமேடா மூணும் சாதாரண கேமராவுலயே அருமையா வரும்.

கேள்வி: நிலா மட்டும் வெள்ளை பல்பு மாதிரி வருது.

பதில்: ராத்திரிதானன்னு கேமரா ஏமாந்து போகுது. நிலா மேல விழுறது பகல் வெயில்! முழு நிலாவுக்கு எஃப் 11 (லென்ஸ் திறப்போட அளவு), ஐஎஸ்ஓ 100, 1/100 செகண்ட், அங்க ஆரம்பிங்க. ஆனா முழு நிலாவுல நிழலே இல்ல, தட்டையா இருக்கும், அரை நிலா அன்னிக்கு வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டுல குழி, மலை எல்லாம் செதுக்கி வச்ச மாதிரி தெரியும். அரை நிலா முழு நிலாவோட பத்துல ஒரு பங்கு வெளிச்சம்தான், ஷட்டர கொஞ்சம் மெதுவாக்குங்க. நிலாவையும் 100 படம் எடுத்து கூர்மையா வந்தத மட்டும் சேக்கலாம். சூரியன மட்டும், கேமராவுல காட்டுறதுக்கு முன்னாடி, லென்ஸுக்கு முன்பக்கம் அதுக்குன்னே செஞ்ச சோலார் ஃபில்டர் மாட்டுங்க, இல்லன்னா, வியூஃபைண்டர் கண்ணாடி வழியா பாக்குற கேமராவா இருந்தா கண்ணே போயிடும்.

கேள்வி: நடு ராத்திரிக்கு மேல எடுத்த படமெல்லாம் பனிமூட்டம் மாதிரி இருக்கு, வானம் தெளிவாத்தான் இருந்துச்சு.

பதில்: லென்ஸ் மேல பனித்துளி. எனக்கும் ஆச்சு, அமாவாசை ராத்திரி ரெண்டு மணி நேரம் பால்வீதி எடுத்துட்டு வீட்டுக்கு வந்து பாத்தா மொத 40 படம் தவிர எல்லாமே வெண்மை, அன்னிக்கு ரொம்ப வலிச்சுது. லென்ஸ சுத்தி யூஎஸ்பில ஓடுற ஹீட்டர் பட்டை ஒண்ணு கட்டுங்க, பவர் பேங்க் போதும், லென்ஸ் ஹூட் மாட்டுங்க, அரை மணிக்கு ஒரு தடவ டார்ச் அடிச்சு கண்ணாடியப் பாருங்க. துளி விழுந்துட்டா துடைக்காதீங்க, சூடு காட்டுங்க.

கேள்வி: எனக்கு 11 வயசு. அப்பா போன தர்றேன்னு சொல்லியிருக்காரு. எந்த நட்சத்திரத்துல ஆரம்பிக்கலாம்?

பதில்: கண்ணு, ஓரியன்ல ஆரம்பி. வரிசையா மூணு நட்சத்திரம் தெரியும், அதுக்கு ஒரு பக்கம் திருவாதிரை, இன்னொரு பக்கம் ரைஜெல். போன கல்லு மேல சாய்ச்சு வச்சு 8 செகண்ட் ஒரு படம் எடு. அடுத்த படத்துக்கு ஃபோகஸ வேணும்னே கொஞ்சம் கலைச்சு விடு, நட்சத்திரமெல்லாம் குட்டி வட்டமா விரியும், அப்பத்தான் கலர் தெரியும், திருவாதிரை ஆரஞ்சு, ரைஜெல் நீலம் கலந்த வெள்ளை. சூடு கம்மியான நட்சத்திரம் சிவக்கும், சூடு ஜாஸ்தியான நட்சத்திரம் நீலமாகும். ரெண்டு படத்தையும் எனக்கு அனுப்பு, அடுத்த இதழ்ல போடுறேன்.