ரத்தப் பரிசோதனையில் ஃப்ளூ தெரியுமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது, சர்க்கரை நோய் உண்டு. மூன்று நாளாகக் காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல். ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு 3,400, தட்டணு 1,38,000, சிஆர்பி 22 என்று வந்திருக்கிறது. லேபில் 'வைரல் காய்ச்சல்' என்றார்கள். பக்கத்து வீட்டில் டெங்கு என்று பயமுறுத்துகிறார்கள். ஃப்ளூவா, டெங்குவா என்று ரத்தத்திலேயே சொல்ல முடியாதா, டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்த மூன்று எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதம்மா. வெள்ளையணு ஃப்ளூவிலும் குறையும், டெங்குவிலும் குறையும், டைஃபாய்டிலும் குறையலாம். தட்டணுவும் அப்படித்தான், ஃப்ளூவில்கூடக் கொஞ்சம் இறங்குவதுண்டு.

சிஆர்பி என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இதைக் கண்டுபிடித்ததே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். இன்றும் அதற்குத்தான் அது அதிகம் உதவுகிறது: 100ஐத் தாண்டினால் பாக்டீரியா தொற்றைத் தேடுவோம். உங்கள் கணவருடைய 22 அந்தப் பக்கம் கை காட்டவில்லை. ஆனால் எந்த வைரஸ் என்றும் அது சொல்லாது. ரிப்போர்ட்டில் அலகையும் பாருங்கள். லிட்டருக்கு 22 மில்லிகிராம் என்றால்தான் நான் சொன்னது பொருந்தும். டெசிலிட்டருக்கு என்று போட்டிருந்தால் அது 220க்குச் சமம், கதையே வேறு.

டெங்குவைப் பிடிக்க ரத்தம் உதவும். முதல் ஐந்து நாளுக்குள் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை, அதற்கு அப்புறம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம். மூன்றாம் நாள் என்பதால் இன்றே என்எஸ்1 எடுக்கலாம். நெகட்டிவ் வந்தாலும் டெங்கு இல்லவே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அதனால் தட்டணுவோடு ஹெமட்டோக்ரிட்டையும், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கையும், தினமும் பார்க்க வேண்டும். தட்டணு இறங்க இறங்க ஹெமட்டோக்ரிட் ஏறினால், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று அர்த்தம். ஒரு நாள் எண்ணைவிட அது போகும் திசைதான் எனக்கு முக்கியம்.

ஃப்ளூவுக்கு மூக்கு, தொண்டையிலிருந்து சளி மாதிரி எடுத்து ஆர்டி-பிசிஆர் செய்ய வேண்டும். வறட்டு இருமல் இருப்பதால் எனக்கு ஃப்ளூ சந்தேகம் சற்றுக் கூடுதல். சர்க்கரை இருப்பவருக்கு ஃப்ளூ நிமோனியாவாக மாறும் ஆபத்து அதிகம். ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்தில் நன்றாக வேலை செய்யும். அந்த நேரம் கடந்துவிட்டாலும் இவரைப் போன்றவர்களுக்குக் கொடுக்கிறோம், ரிசல்ட் வரும்வரை காத்திருப்பதில்லை. அதனால் இன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். உடம்பில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த புண் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு மடிப்பில் ஒளிந்திருக்கும் அந்தப் புண், ஒட்டுண்ணிப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அதுவரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டாம். ஏற்கெனவே இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால், தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் 94க்குக் கீழே போனாலோ, விடாமல் வயிற்று வலி, வாந்தி வந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ நேராக ஆஸ்பத்திரிதான். டெங்குவாக இருந்தால் காய்ச்சல் விட்ட அடுத்த ஓரிரு நாள்தான் ஆபத்தானது. உடம்பு ஆறிவிட்டது என்று அப்போது பரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள்.