ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பைத் தனித்தொழிலாகத் தொடங்குவது எப்படி?

வேலையில் இருந்துகொண்டே மொழிபெயர்ப்பைத் தனித்தொழிலாகத் தொடங்க விரும்புவதாகவும், கட்டணத்தை எப்படி வகுப்பது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு துறையைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவம், சட்டம், விளம்பரம் என எல்லாம் செய்வேன் என்பவரைவிட, ஒன்றை நன்கு அறிந்தவரையே வாடிக்கையாளர்கள் நம்புகிறார்கள். அத்துறையில் நீங்களாகவே மொழிபெயர்த்த இரண்டு மூன்று பக்கங்கள் மாதிரியாகப் போதும்.

கட்டணம் பெரும்பாலும் சொற்கணக்கில் பேசப்படுகிறது. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘இன் தி ஹவுஸ்’ என்று மூன்று சொற்களாக நிற்பது தமிழில் ‘வீட்டில்’ என்று ஒரே சொல்லாகிவிடுவதால், மொழிபெயர்ப்பின் சொற்களை எண்ணிக் கூலி தருவதாக ஒப்புக்கொண்டால் உழைப்பின் கணிசமான பகுதி கணக்கில் வராமலே போய்விடும். எனவே மூலத்தின் சொல்லெண்ணிக்கையே அடிப்படை என்பதை வேலையை ஏற்கும் முன் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் முதல் வேலையில் நான் அதைச் செய்யவில்லை, நட்டம் என்னுடையதே. எத்தனை முறை இலவசமாகத் திருத்தித் தருவீர்கள், பணம் எத்தனை நாளில் வர வேண்டும் என்பவற்றையும் அதே மடலில் சேர்த்துவிடலாம். இருநூறு சொல் அளவிலான சோதனையை இலவசமாகச் செய்வதில் தவறில்லை. ஐந்து பக்கம் கேட்டால் அது சோதனையன்று, ஓசி வேலை.

இந்திய நிறுவனங்கள் கட்டணத்தில் 10 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு தருவதுண்டு. அத்தொகை உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று பார்த்து, கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். மாதச் சம்பளத்தை விடுவது பற்றி, திரும்பத் திரும்ப வேலை தரும் மூன்று வாடிக்கையாளர்களாவது அமைந்த பிறகு யோசியுங்கள்.