கேளுங்கள், சொல்கிறேன்: வானொலியில் பணம் கேட்ட நடிகர்

கேள்வி: ஐயா, சாட்ஸ்வொர்த்தில் கோயில் விழா நாடகங்களில் நடிக்கிறேன். சொந்தமாகப் படம் எடுக்க ஆசை. ஜான் கசவெட்டிஸ் பற்றிப் படி என்கிறார் நண்பர். அவர் நடிகரா, இயக்குநரா?
– வாசகர், டர்பன்

பதில்: இரண்டும்தான் தம்பி. 1929இல் நியூயார்க்கில் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தார். நடிப்புப் பள்ளியில் படித்து, தொலைக்காட்சி நாடகங்களில் பெயர் வாங்கினார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நடிப்புப் பட்டறை நடத்திக்கொண்டிருந்தவர், 1957இல் ஓர் இரவு வானொலி நிகழ்ச்சிக்குப் போய், சாதாரண மனிதர்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் ஆளுக்குக் கொஞ்சம் பணம் அனுப்புங்கள் என்று கேட்டேவிட்டார். நேயர்களும் அனுப்பினார்கள், சுமார் 2,000 டாலர்! அதில் தொடங்கியதுதான் ‘ஷாடோஸ்’. 16 மி.மீ. கேமரா, பட்டறையில் பயின்றவர்களே நடிகர்கள். முதல் வடிவம் திருப்தி தராததால் பல காட்சிகளைத் திரும்ப எடுத்து 1959இல் மறுபடி திரையிட்டார். கையில் காசில்லாதவர் இதைச் செய்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிறகு, பிறர் படங்களில் நடித்துச் சம்பாதித்ததைத் தன் படங்களில் போட்டார். ‘ஃபேசஸ்’ பெரும்பாலும் சொந்த வீட்டிலேயே எடுத்தது. எடிட்டிங் நடந்தது கார் நிறுத்தும் கொட்டகையில். மனைவி ஜீனா ரோலண்ட்ஸும் அதில் நடித்தார்.

உங்களிடம் நாடகக் குழு இருக்கிறதே, அதுவே பாதி மூலதனம். கோயில் மண்டபத்தில் சேர்ந்து ஒத்திகை பார்த்தவர்களில் ஒருவர் எப்போது பேச்சை நிறுத்துவார் என்று மற்றவருக்குத் தெரியும். ஒலியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்; நல்ல மைக்கை முதலில் வாடகைக்கு எடுங்கள். சரி, கதையை எழுதி அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.