காந்தச் சிகிச்சையும் அப்பாவின் பீடியும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். தாத்தா 1977 கலவரத்தோடு தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனவர். அப்பா அங்கேதான் வளர்ந்து, ட்ரெக்டர் ஓட்டி, கல்யாணம் கட்டினார். 2009இல் அம்மாவைப் பறிகொடுத்து, செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, பெரியப்பாவின் லயத்துக்கு வந்து சேர்ந்தோம். அப்பா எந்த இயக்கத்திலும் இருந்தவர் இல்லை. ஆனால் இன்றைக்கும் இரவில் கத்திக்கொண்டு எழும்புவார். எழும்பினால் விடியும்வரை இஸ்தோப்பில் குந்திக்கொண்டு பீடிதான். தீபாவளிக்கு வெடி போட்டால் நாள்கணக்கில் பேச மாட்டார். தலைக்குள் வெடித்த செல் குண்டின் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது, எடுக்காமல் விடுவதே நல்லது என்று அப்போது சொல்லிவிட்டார்கள்.

இப்போது என் பிள்ளைக்கு இழுப்பு. பீடியை நிறுத்தச் சொன்னால் அப்பா அழுகிறார். அமெரிக்காவில் போரால் மனம் பாதிக்கப்பட்ட முன்னாள் படையினருக்கு மூளையைக் காந்தத்தால் தூண்டி சிகரெட்டை விடவைக்கப் பார்க்கிறார்கள் என்று வாசித்தேன். சென்னையில் செய்யலாம் என்கிறார் மாமா. நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். பெரியப்பாவோ, "அவனுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அது. அதையும் பறிக்காதே" என்கிறார். என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மகளுக்கு,

நகையை அடகு வைக்க வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அந்தச் செல் துண்டு. இந்தச் சிகிச்சையில் தலையில் கவசம் போன்ற ஒன்றைப் பொருத்தி, அதற்குள் இருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சுவார்கள். அப்போது எழும் காந்தப் புலம் மண்டையோட்டைத் தாண்டிப்போய் மூளை நரம்புகளில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். உள்ளே உலோகம் இருந்தால் அது அசையலாம், சூடேறலாம். அதனால் தலையில் உலோகத் துண்டு உள்ளவர்களை இதில் சேர்ப்பதில்லை. அப்பாவுக்கு யாராவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும் துண்டு இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். போரின் காயத்துக்கென்று தேடப்படும் ஒரு மருத்துவம், தலையில் அந்தப் போரின் இரும்பைச் சுமப்பவர்களுக்கே கிடைக்காமல் போகிறது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

நீங்கள் வாசித்தது பொய்யில்லை. பக்கவாதம் போன்றவற்றால் மூளை சேதமடைந்த புகைப்பழக்கக்காரர்களை அமெரிக்காவின் அயோவாவில் ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வந்தது. மூளையின் ஆழத்தில் இன்சுலா என்றொரு பகுதி உண்டு. அது பழுதானவர்களில் பலர் எந்தச் சிரமமும் இல்லாமல், திரும்பப் புகைக்கும் ஆசையே எழாமல், பழக்கத்தை விட்டிருந்தார்கள். அந்தத் தடத்தைப் பிடித்து, இன்சுலாவையும் முன்மூளையையும் எட்டும்படி ஒரு சுருளைச் செய்தார்கள். 262 பேரிடம் சோதித்தார்கள். மூன்று வாரம் வாரநாள் தோறும், அடுத்த மூன்று வாரம் வாரத்துக்கு ஒருமுறை. 18ஆவது வாரத்தில் பார்த்தபோது உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 19.4 சதவீதம் பேரும், போலித் தூண்டல் பெற்றவர்களில் 8.7 சதவீதம் பேரும் புகையை விட்டிருந்தார்கள். 2020இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் புகைப்பழக்கத்துக்கு இதை அனுமதித்தது.

இரண்டு மடங்கு என்பது பெரிய விஷயம்தான். ஆனால் உண்மையான தூண்டல் பெற்ற ஐந்து பேரில் நான்கு பேர் புகையை விடவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. இந்த அனுமதி பொதுவாகப் புகைக்கும் பெரியவர்களுக்கானது. மனவடுவும் (போர் போன்ற கொடுமைகள் மனதில் விட்டுப்போகும் நோய்) புகையும் சேர்ந்திருக்கும் முன்னாள் படையினருக்கு இது எவ்வளவு உதவும் என்பது ஆய்வு நிலையில் இருக்கும் கேள்வி. ஒன்றரை மாதம் சென்னையில் அறை எடுத்துத் தங்கி, நகையை இழந்து, அதற்குப் பிறகும் பீடி நிற்காமல் போனால், அந்தக் குற்ற உணர்வையும் அப்பாதான் சுமக்க வேண்டியிருக்கும்.

உங்கள் பெரியப்பா சொன்னதற்கு வருகிறேன். அது அன்பில் வந்த பேச்சு. அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. மனநலம் பார்க்கும் வைத்தியர்களே நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தார்கள். பாவம், இருக்கிற துன்பத்தில் இதையும் ஏன் பிடுங்குவது என்று விட்டுவிட்டார்கள். ஆனால் நிகொட்டின் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். புகை இழுத்துச் சில வினாடிகளில் அது மூளையைத் தொடுகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. குறையும்போது பதற்றம், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். மனவடு உள்ளவருக்கு இவை ஏற்கனவே இருப்பவை. எது போரால் வந்தது, எது பீடியால் வந்தது என்று அவருக்கே பிரித்தறிய முடியாது. அடுத்த பீடி அந்தப் பதற்றத்தைத் தணிக்கும், உடனே 'இதுதான் என்னைக் காப்பாற்றுகிறது' என்ற நம்பிக்கை இன்னும் இறுகும். தோட்டத்துக் கடைக் கணக்கு மாதிரிதான் இதுவும்: இந்த மாதச் சம்பளம் போன மாதக் கடனை அடைக்கத்தான் சரியாக இருக்கும்.

நீங்கள் வாசித்த செய்தியைவிட முக்கியமாக நான் கருதும் ஆய்வு ஒன்று உண்டு. 2010இல் வெளிவந்தது. அமெரிக்காவின் முன்னாள் படையினருக்கான பத்து மருத்துவ நிலையங்களில், மனவடு நோயும் புகைப்பழக்கமும் உள்ள 943 பேரிடம் செய்தது. ஒரு பகுதியினரை வழக்கம்போலப் புகை நிறுத்தும் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு, போர் நினைவுகளுக்குச் சிகிச்சை தரும் அதே ஆள், அதே அறையில், புகையை விடவும் உதவினார். இரண்டாவது பகுதியில் 8.9 சதவீதம் பேர் ஒரு வருடம் தொடர்ந்து புகைக்காமல் இருந்தார்கள். முதல் பகுதியில் 4.5. புகையை விட்டவர்களுக்கு மனவடு மோசமாகவில்லை. பெரியப்பாவின் பயத்துக்கு அது பதில். எண்ணிக்கை சிறியது என்று சோர்ந்துவிடாதீர்கள். விடுவதற்கு மிகவும் கஷ்டப்படும் மனிதர்களிடம், இயந்திரம் எதுவும் இல்லாமல், நம்பிக்கைக்குரிய ஓர் ஆளை வைத்தே இரண்டு மடங்கு கிடைத்திருக்கிறது.

இவை சீருடை போட்டவர்களிடம் நடந்த ஆய்வுகள். உங்கள் அப்பா ட்ரெக்டர் ஓட்டியவர். செல் விழுந்த இடத்தில் இருந்தவருக்கு நோய் அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. போர் தனி மனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். வன்னியிலிருந்து மலைக்குத் திரும்பிய மலையகக் குடும்பங்களை இந்தப் பேச்சில் யாரும் நினைப்பதில்லை. வடக்கில் அவர்கள் 'தோட்டக்காட்டான்', தோட்டத்தில் 'வன்னியிலிருந்து வந்தவன்'. இரண்டு இடத்துக் கணக்கிலும் விடுபட்டவர்கள்.

ஆகவே அப்பாவை முதலில் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், பீடிக்காக அல்ல, தூக்கத்துக்காக. "ராவில தூக்கம் வர்றதுக்கு மருந்து கேப்போம்" என்று சொன்னால் வருவார் என்று நினைக்கிறேன். டிக்கோயாவோ நுவரெலியாவோ, உங்களுக்கு எது வசதியோ அங்கே. மனவடுவுக்குப் பேச்சுச் சிகிச்சையும் உண்டு, செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளும் உண்டு. அதே வைத்தியரிடம் பீடியைப் பற்றியும் சொல்லி, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள். நிகொட்டின் ஒட்டுப்பட்டை, சுவிங்கம், வரெனிக்லின் மாத்திரை ஆகியவை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. எது கிடைக்கும், எது அப்பாவுக்குப் பொருந்தும் என்பதை வைத்தியர் முடிவு செய்யட்டும். ஒலன்சபின், குளோசபின் போன்ற மனநோய் மருந்து எதையாவது எடுப்பவராக இருந்தால், பீடியை நிறுத்தும்போது அதன் அளவை மாற்ற வேண்டியிருக்கும். சொல்லாமல் திடீரென நிறுத்த வேண்டாம்.

அங்கே மொழிபெயர்ப்பவராக நீங்கள் இருக்காதீர்கள். மலையகத்தில் இது பெரிய பிரச்சினை. டொக்டர் சிங்களத்தில் கேட்பார், நோயாளி தமிழில் சொல்வார், நடுவில் பிள்ளையோ பேரனோ உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் அம்மா இறந்த நாளில் என்ன நடந்தது என்பதை அப்பா உங்கள் வாயால் ஒருநாளும் சொல்லவைக்க மாட்டார். தமிழ் பேசும் வைத்தியர், தாதி, உளவளத்துணையாளர் யாராவது இருக்கும் கிளினிக் நாளை முன்கூட்டியே விசாரியுங்கள். வன்னியில் இருந்ததைச் சொன்னால் ஏதும் வருமோ என்ற பயமும் அவருக்கு இருக்கலாம். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். தொலைபேசியில் கேட்பதற்கு மனநலத்துக்கு 1926, புகையை விடுவதற்கு 1948. எடுத்தவுடன் தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

நிறுத்தும் நாளை, போர் முடிந்த மே மாதத்தில் வைக்காதீர்கள். தீபாவளியை ஒட்டியும் வேண்டாம். அதுவரை குழந்தை தூங்கும் காம்பராவில் மட்டும் பீடி வேண்டாம் என்று கேளுங்கள், பேரப்பிள்ளைக்காக அதைச் செய்வார். பீடிக்கட்டை ஒளித்துவைப்பதும், அழும் மனிதரிடம் கணக்குக் கேட்பதும் உதவாது. நிறுத்திய முதல் வாரம்தான் மிகக் கடினம், பிறகு மூன்று நான்கு வாரங்களில் தணியும். அந்த இரவுகளில் அவரோடு முழித்திருக்க ஓர் ஆள் வேண்டும். நீங்கள் காலையில் பாடசாலைக்குப் போக வேண்டியவர், கைக்குழந்தையும் இருக்கிறது. இந்தப் பதிலைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டி, அந்த வேலையை அவரிடம் கேளுங்கள்.